மாமியாருக்கு எழுதிய கண் சொட்டு மருந்து மகனுக்கும் ஆகுமா?

சேர்வராயன் மலையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 38 வயதுப் பெண் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காப்பிக் காடு இருக்கிறது. மற்ற நாட்களில் அவரும் கணவரும் எஸ்டேட்டில் கூலி வேலைக்குப் போகிறார்கள். போன வருடம் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அப்போது கொடுத்த சொட்டு மருந்தில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருப்பதாக நர்ஸ் சொல்லியிருக்கிறார். மாமியாருக்குப் பார்வை நன்றாகத் திரும்பியது, ஒரு பாட்டில் மீதமானது.

11 வயது மகன் சேலத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறான். வெயில் ஏறினால் அவனுக்கு இரண்டு கண்ணும் அரித்துச் சிவந்து, நூல் நூலாகப் பீளை வரும். உடம்புச் சூடு என்று நினைத்து விளக்கெண்ணெய் வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. மீதியிருந்த சொட்டு மருந்தை விட்டதும் இரண்டே நாளில் அடங்கியது. அதன்பின் காலி அட்டையை மெடிக்கலில் காட்டி அதே மருந்தை வாங்கி, ஒன்பது மாதமாக அரிக்கும்போதெல்லாம் விட்டு வருகிறார்கள். இவருக்கும் இடது கண் இரண்டு முறை சிவந்தபோது அதே மருந்துதான்.

பத்து நாளுக்கு முன், காப்பிச் செடியைக் கவாத்து எடுக்கும்போது குச்சி ஒன்று அதே இடது கண்ணில் அடித்திருக்கிறது. அன்று இரவே சொட்டு மருந்தை விட்டிருக்கிறார். மறுநாள் வலி குறைந்தது. நான்காம் நாளிலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கருவிழியில் “அரிசி நொய் மாதிரி ஒரு வெள்ளை” தெரிகிறது.

கேட்டிருப்பது மூன்று கேள்விகள். நாலு வேளை விடும் மருந்தை எட்டு வேளையாக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் “ஸ்டீராய்டு கண்ணைக் குருடாக்கிவிடும், தூக்கிப் போடு” என்கிறார்; அப்படியானால் மாமியாருக்கு ஏன் கொடுத்தார்கள்? மகனுக்குத் தொடரலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதிலை இன்றே உங்கள் கைபேசிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் படிக்கும்படி வெளியாவது பிறகுதான். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த அரிசி நொய்யைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதனால் உங்கள் கேள்விகளின் வரிசையில் நான் போகவில்லை.

முதலில் உங்கள் இடது கண்

எட்டு வேளையாக்க வேண்டாம். நாலு வேளையும் வேண்டாம். இன்று இரவு அந்தச் சொட்டு மருந்தை இடது கண்ணில் விடாதீர்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் சேலத்துக்கு, கண் டாக்டரிடம் இறங்கி வாருங்கள். கூலி போகும், கவாத்து பாதியில் நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிகிறது அம்மா. ஆனால் இது அடுத்த வாரத்துக்குத் தள்ளக்கூடிய விஷயம் இல்லை.

செடியோ குச்சியோ அடித்த கண், சில நாள் கழித்துக் கூடும் வலி, வெளிச்சக் கூச்சம், கருவிழியில் வெள்ளை. இந்த நான்கும் சேர்ந்து வந்தால், கருவிழியில் புண் பிடித்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம், இல்லை என்று நிரூபணமாகும் வரைக்கும். நம் ஊரில் “கண்ணில் பூ விழுந்துவிட்டது” என்பார்களே, அந்தப் பூ பெரும்பாலும் இப்படி வந்த புண் ஆறிய தழும்புதான். புண்ணாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் தழும்பைச் சிறியதாக நிறுத்தலாம். கருவிழியின் நடுவுக்குப் பரவிவிட்டால் பார்வையே அதன் பின்னால் மறைந்துவிடும்.

அந்தப் புண்ணை உண்டாக்கிய கிருமி எது என்பதுதான் இப்போது கேள்வி. மதுரையில் 1994-ன் தொடக்கத்தில், மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கண்ணில் ஏதாவது அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பாடப்புத்தகத்தில் இவ்வளவு பூஞ்சை இருக்காது. நம் மண்ணிலும் செடியிலும் காய்ந்த சருகிலும் ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் இயல்பாகவே இருக்கின்றன. காப்பிக் குச்சியின் நுனியில் வந்து கண்ணில் இறங்க அவற்றுக்கு ஒரு கீறல் போதும்.

உங்கள் கையில் இருக்கும் பாட்டிலில் உள்ள ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். பூஞ்சையை அது தொடக்கூடத் தொடாது. கூட இருக்கும் ஸ்டீராய்டோ, கிருமியோடு சண்டை போட வரும் உடம்பின் காவலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வீக்கம், சிவப்பு, வலி எல்லாமே அந்தச் சண்டையின் அடையாளங்கள். காவல் விலகியதும் அவை குறையும். மறுநாள் உங்களுக்கு வலி குறைந்தது அதனால் இருக்கலாம். நாம் நிம்மதியாக இருக்கும் அந்த இரண்டு மூன்று நாளில் பூஞ்சை கருவிழிக்குள் ஆழமாக வேர் விடுகிறது.

நாளை உங்களுக்கு என்ன செய்வார்கள் என்று சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் வருவீர்கள். தாடையை ஒரு மேடையில் வைக்கச் சொல்லி, ஸ்லிட் லேம்ப் என்ற கருவியால் கண்ணைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். மஞ்சள் சாயம் ஒரு துளி விட்டு நீல வெளிச்சம் அடித்தால், தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலிக்காது. பூஞ்சையின் இழைகள் இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். அப்படியிருந்தால் நாடாமைசின் என்ற பூஞ்சைக்கான சொட்டு மருந்தைத் தொடங்குவார்கள். ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை விடவேண்டி வரும், ஆற வாரக்கணக்கில் ஆகும். அதற்கு வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.

செலவை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. அங்கே பார்ப்பதற்குப் பணம் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதே இடது கண் முன்பு இரண்டு முறை சிவந்தது என்கிறீர்கள். ஒரே கண் திரும்பத் திரும்பச் சிவந்தால் ஹெர்பிஸ் வைரஸ் என்ற சந்தேகமும் வரும். அந்த வைரஸ் கருவிழியில் மரக்கிளை போலப் படரும் புண்ணை உண்டாக்கும். புண் இருக்கும்போது ஸ்டீராய்டை மட்டும் நம்பி விட்டால், கிளை அகன்று தேசப்படம் போல ஆகிவிடும். அந்த இரண்டு முறையும் உங்களுக்கு வந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள் என்கிறேன்.

மாமியாருக்குக் கொடுத்தது தவறா?

இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் பாதிதான் சரி.

கண்புரை ஆபரேஷன் செய்த கண் கத்தி பட்ட கண். புண் இருக்கும், கிருமி நுழைய வாய்ப்பு இருக்கும், உள்ளே வீக்கமும் இருக்கும். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு வேண்டும், கிருமி நுழையாமல் காக்க ஆன்டிபயாடிக் வேண்டும். இரண்டையும் ஒரே பாட்டிலில் கொடுத்தால் வயதானவர்கள் குழம்பாமல் விடுவார்கள். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டோடு டோப்ராமைசினோ மாக்ஸிஃப்ளாக்ஸசினோ என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்த மருந்துகள் இதற்காகவே பெரிதும் பயன்படுகின்றன. வேறு இடங்களும் உண்டு. இமை ஓரத்தில் நாள்பட்ட அழற்சி இருந்து, அதன் எதிர்வினையாகக் கருவிழி ஓரத்தில் சிறு வெள்ளைகள் வரும்போது நானே எழுதிக் கொடுக்கிறேன், கிருமிப் புண் இல்லை என்று பார்த்த பிறகு.

மாமியாருக்கு எழுதிய சீட்டை எடுத்துப் பாருங்கள். முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து என்று படியிறங்கி, ஆறாம் வாரத்தோடு முடிவது போல ஏதாவது கணக்கு இருக்கும். நடுவில் ஒரு நாள் வரச் சொல்லி கண்ணின் அழுத்தத்தையும் பார்த்திருப்பார்கள். மருந்தின் பாதுகாப்பு அந்தக் கணக்கிலும் அந்தப் பரிசோதனையிலும்தான் இருந்தது. மகனுக்கும் உங்களுக்கும் பாட்டில் மட்டும் வந்து சேர்ந்தது.

கருவிழிப் புண்ணில் ஸ்டீராய்டு உதவுமா என்று டாக்டர்களுக்கே நெடுநாள் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்க்க 500 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2012-ல் முடிவு வெளியானது. அதில் பெரும்பாலானவர்கள் நம் தமிழ்நாட்டுக் கண் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள். பாக்டீரியாதான் என்று பரிசோதனையில் உறுதியான பிறகு, இரண்டு நாள் ஆன்டிபயாடிக் மட்டும் விட்டு, அதன்பிறகே பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு சேர்த்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்வையில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. அவ்வளவு கவனமாகக் கிருமியைப் பிரித்தறிந்து கொடுத்தபோதே கிடைத்த லாபம் இவ்வளவுதான். என்ன கிருமி என்றே தெரியாமல், குச்சி அடித்த இரவே விடும்போது கிடைக்கப்போவது என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மகனின் கண்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது உண்மையில் இந்தப் பகுதி. உங்கள் கண் வலிக்கிறது, அதனால் நீங்கள் வந்துவிடுவீர்கள். அவனுக்கு வலி இருக்காது.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பையன், பதினொரு வயது, இரண்டு கண்ணிலும் அரிப்பு, நூலாக வரும் பீளை, வெயிலில் கூடுவது, மலைக்கு லீவில் வந்தால் குறைவது. இவ்வளவும் வெர்னல் என்ற ஒவ்வாமைக் கண்நோயைத்தான் காட்டுகின்றன. வெப்பமான வறண்ட ஊர்களில் சிறுவர்களுக்கு இது நிறைய வரும். சிறுமிகளுக்குக் குறைவு. பங்குனி, சித்திரையில் என் அறை வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளில் பலர் இந்தக் கூட்டம்தான். பெரும்பாலோருக்கு வளர்ந்து பெரியவர்களாகும்போது தானாகவே அடங்கிவிடும்.

இதில் கிருமியே கிடையாது. ஆகவே பாட்டிலில் இருக்கும் ஆன்டிபயாடிக்கால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டு நாளில் அரிப்பை அடக்கியது ஸ்டீராய்டுதான். அதனால்தான் அது திரும்பத் திரும்பக் கை நீட்ட வைக்கிறது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். சாதாரணமாக 10-லிருந்து 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்க வேண்டிய அழுத்தம் இது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓரளவு ஏறும், நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு மிக அதிகமாக ஏறும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட வேகமாகவும் அதிகமாகவும் ஏறலாம். வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அழுத்தம் மெல்ல ஏறும்போது வலியில்லை, சிவப்பில்லை. பார்வை நரம்பு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். நேரே பார்ப்பது கடைசி வரை தெளிவாக இருப்பதால் பிள்ளைக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. இன்னொரு ஆபத்து, லென்ஸின் பின்பக்கம் புரை விழுவது. வெயிலில் கண் கூசுகிறது என்பான், அதையும் அலர்ஜி என்றே நினைத்துக்கொள்வோம்.

கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் ஒரு பையனைச் சில வருடங்களுக்கு முன் அவன் அம்மா கூட்டிவந்தார். ஏழாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கடையில் வாங்கிய இப்படி ஒரு சொட்டு மருந்து. அரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. பைக்கில் போகும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை என்பதற்காக வந்தான். ஒரு கண்ணின் நரம்பில் மிச்சம் மிகக் கொஞ்சம். போன நரம்பை எந்த ஆபரேஷனாலும் திருப்ப முடியாது. அந்த அம்மா என் முன்னால் அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் செய்ததெல்லாம் பிள்ளை கண்ணைக் கசக்கும்போது பொறுக்காமல் மருந்து வாங்கியதுதான். நீங்கள் செய்ததும் அதுவே. அதனால்தான் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மகனுக்கு ஒன்பது மாதம்தான் ஆகியிருக்கிறது, அதுவும் விட்டுவிட்டு. அழுத்தம் ஏறியிருந்தாலும், மருந்தை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் இறங்கிவிடும். எனவே நாளை அவனையும் பள்ளிக்கு லீவு போட்டு வரச் சொல்லுங்கள். அழுத்தம் பார்க்க வேண்டும், நரம்பைப் பார்க்க வேண்டும், லென்ஸைப் பார்க்க வேண்டும். அடிக்கடி கசக்குவதால் கருவிழி கூம்பு போலப் புடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அரிப்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வழி நிறைய இருக்கிறது. சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண் மேல் வைப்பது, வெயிலில் தொப்பியும் கூலிங் கிளாஸும். ஓலோபாடடின் போன்ற அலர்ஜிச் சொட்டு மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் சீசன் முழுக்க விடலாம். அதற்கும் அடங்காவிட்டால் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத மருந்துகள் உண்டு. அலர்ஜி ரொம்பக் கடுமையானால் நாங்களே கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு எழுதுவோம், தேதி போட்டுத் தொடங்கி, தேதி போட்டு நிறுத்தி, அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே. விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம்.

மெடிக்கலில் கேட்க வேண்டியவை

கடைக்காரர் பல வருடமாகத் தெரிந்தவர், தப்பாகக் கொடுக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கருவிழியைப் பார்க்கும் கருவி அவரிடம் இல்லை. இந்த மருந்துகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் இருப்பவை. அட்டையில் அந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். பழைய அட்டை சீட்டு ஆகாது.

மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை மகனைப் படிக்கச் சொல்லுங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன், ஃபுளூரோமெத்தலோன் என்று ‘சோன்’, ‘லோன்’ என முடிந்தால் அது ஸ்டீராய்டு. லோடிபிரெட்னாலும் அந்தக் குடும்பம்தான். அழுத்தத்தைக் குறைவாகத்தான் ஏற்றும், ஆனால் ஏற்றவே ஏற்றாது என்று இல்லை. பல கம்பெனிகள் வெறும் ஆன்டிபயாடிக்குக்கு ஒரு பெயர் வைத்து, ஸ்டீராய்டு சேர்த்ததும் அதே பெயரின் வாலில் ‘டி’, ‘பி’ என்று ஓர் எழுத்தை மட்டும் ஒட்டுகின்றன. சீட்டில் இல்லாத அந்த ஓர் எழுத்து பாட்டிலில் இருந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். பில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. எங்களிடமும் கேளுங்கள்: இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், அழுத்தம் பார்க்க எப்போது வர வேண்டும் என்று. அவசரத்தில் நிறுத்தும் தேதியை எழுதாமல் விடும் டாக்டர்கள் இருக்கிறோம். மீதி பாட்டில் அலமாரியில் தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒருவர் கண்ணில் விட்டதை இன்னொருவர் கண்ணில் விடவும் கூடாது.

நாளை கிளம்பும்போது

இடது கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டாம். கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கசக்காதீர்கள். மாமியாரின் ஆபரேஷன் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக்கும் கணவர் பக்கத்துக்கும் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்ததா, சின்ன வயதிலேயே பார்வை போனவர்கள் உண்டா என்று இன்று இரவே பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். மாமியார் இப்போது எதாவது கண் மருந்து டாக்டர் சொல்லி விட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அவருடையதை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் பாட்டில்களை எல்லாம், காலியானது, லேபிள் கிழிந்தது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். மகனிடம் சித்தி வீட்டில் ஒரு பாட்டில் இருக்கும், அதையும்.